எந்தக் கூட்ரோடு?

கண்ணா,

நீ கேட்டதற்கு மூன்று வாரமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன். அப்பாவின் பழைய பைக்கை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். உன் அப்பா அதையும் சொல்லவில்லை. "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்று வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். நேரில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் சண்டை வருகிறது, சண்டை வராவிட்டால் அழுகை வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்து இதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை பால் பொங்குகிறதோ என்று ஓடினேன். பாலை அடுப்பில் வைக்கவே இல்லை. இன்னொரு தடவை வாசலில் வண்டிச் சத்தம். எதிர் வீட்டுக்கு வந்த கேஸ் வண்டி. இன்று சனிக்கிழமை இல்லை, நீ வரப் போவதும் இல்லை. ஆனாலும் என் காது வாசலில்தான் கிடக்கிறது. எழுதி முடித்ததும் இதை நம் டவுன்ஷிப் பெண்கள் போடும் பொங்கல் மலருக்குக் கொடுத்தாலும் கொடுப்பேன். பயப்படாதே, உன் பெயரும் போட மாட்டேன், என் பெயரும் போட மாட்டேன். சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாக்கள் நம் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறோம். அவர்களும் படிக்கட்டும்.

உனக்குச் சனிக்கிழமை என்றால் மத்தியானத்தோடு காலேஜ் முடிந்தது. படூரில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கேளம்பாக்கம், அங்கிருந்து திருப்போரூர் வழியாக மகாபலிபுரம் போகிற பஸ், அங்கே நண்பர்களோடு கடற்கரையில் ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, அப்புறம் கல்பாக்கம் பஸ். எனக்கோ சனிக்கிழமை என்றால் மிஸ்டு கால். நாம் பேசி வைத்துக்கொண்டதுதான்: மகாபலிபுரத்தில் பஸ் ஏறியதும் ஒன்று, கூட்ரோட்டில் இறங்கியதும் ஒன்று. செங்கல்பட்டுச் சாலையும் கடற்கரைச் சாலையும் வந்து சேருகிற இடத்தை நம் டவுன்ஷிப்பில் எல்லோரும் வெறுமனே கூட்ரோடு என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. இரண்டாவது மிஸ்டு கால் வந்ததும் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். டீக்கடைக்குப் பக்கத்தில் நீ பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாய். "என்னம்மா, இவ்ளோ லேட்டு?" என்பாய். நான் நாலு நிமிடத்தில் வந்திருப்பேன். முதல் மிஸ்டு காலுக்கும் இரண்டாவது மிஸ்டு காலுக்கும் நடுவில் நான் என்ன செய்வேன் என்று நீ கேட்டதில்லை. துவைத்த துணியை மறுபடி மடிப்பேன். ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவேன்.

கூட்ரோடு என்ற வார்த்தையை நீ எங்கே கற்றுக்கொண்டாய் தெரியுமா? உனக்கு ஐந்து வயது இருக்கும்போது நான் தபால் வழியில் எம்.ஏ. சேர்ந்தேன். சாத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இருபது வயது, கையில் ஒரு பி.ஏ., மறு வருடமே நீ. வீட்டுக்குள்ளேயே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. சனி, ஞாயிறு மட்டும் செங்கல்பட்டில் வகுப்பு. உன் அப்பாவுக்குப் பல சனிக்கிழமைகளில் ஷிஃப்ட். அதனால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். மற்ற மாணவிகள் டிபன் பாக்ஸ் கொண்டுவருவார்கள். நான் டிபன் பாக்ஸும் ஒரு பையனும் கொண்டுபோவேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற அந்தப் பஸ்ஸில் நீ ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஊரைக் கூட்டுவாய். மலை தெரிந்ததும் "பாதி வந்துட்டோம்" என்பாய். அப்போதெல்லாம் இந்தப் பக்கத்து நடத்துனர்கள் ஒவ்வொரு நிறுத்தத்தையும் ராகம் போட்டுச் சொல்வார்கள். திரும்பி வருகிறபோது, "கூட்ரோடெல்லாம் எறங்கு! கூட்ரோடெல்லாம் எறங்கு!" நீ இரண்டே வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டாய். வீட்டில் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வாசலில் நின்றுகொண்டு, சாப்பாட்டுத் தட்டோடு வருகிற உன் அப்பாவைத் தடுத்து, "கூட்ரோடெல்லாம் எறங்கு!" என்று கத்துவாய். அவரும் இறங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சில் உன்னைப் படுக்கவைத்திருந்தேன். நான் நோட்ஸ் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் உன் ஸ்வெட்டர் மட்டும் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. பஸ் ஸ்டாண்டில், புறப்படத் தயாராக நின்ற நம் பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு நீ ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நடத்துனர் உன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வெற்றிலை மென்றார். "இன்னாம்மா, உம் புள்ளையா? எனக்கு அசிஸ்டெண்டா சேந்துகினான். நல்லா கூவுறான். நாஸ்தா மட்டும் வாங்கிக் குடுத்துடு, சம்பளம் வாணாமாம்" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் உன்னை இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன். அடுத்த சனிக்கிழமை கிளம்பிப் புடவையெல்லாம் கட்டிவிட்டேன், கால் வாசலைத் தாண்டவில்லை. அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்று சொன்னேன். அப்புறம் யாரும் காரணம் கேட்கவில்லை, எம்.ஏ. அத்தோடு நின்றது. என்னை யாரும் நிறுத்தவில்லை, கண்ணா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "வேணா எங்க அம்மாவ வரச் சொல்லட்டுமா?" என்றுகூட உன் அப்பா கேட்டார். பயம் தானாக வந்து உட்கார்ந்தது, நான் அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பயம்தான் நீ காலேஜ் சேர்ந்ததும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேறு வேஷத்தில் வந்தது. ஈ.சி.ஆரில், அந்தக் கடற்கரைச் சாலையில், பைக்கில் போகக் கூடாது, பின்னால் உட்கார்ந்தும் போகக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். நீ சத்தியம் செய்தாய். செய்துவிட்டு, ஜோசப் பைக்கில் நீ எத்தனை தடவை போயிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் சட்டைப் பின்புறம் ஒரு பக்கம் மட்டும் மண் படிந்திருக்கும். பஸ்ஸில் வருகிறவன் சட்டை அப்படி இருக்காது. ஜோசப்பை எனக்குப் பிடிக்கும். அவன் தாத்தா காலத்தில் திருக்கழுக்குன்றம் பக்கம் யாருடைய வயலிலோ கூலிக்கு நின்றவர்கள். இன்று அவன் அப்பா சிறுசேரி ஆபீஸ்களுக்குக் கார் ஓட்டுகிறார், அவன் உன்னோடு இன்ஜினியரிங் படிக்கிறான், பகுதி நேரம் கொரியர் போட்டுச் சம்பாதித்து அந்தப் பழைய பைக்கை வாங்கியிருக்கிறான். நம் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். "ஆண்டி, உங்க புள்ள வண்டி ஓட்டுனா மாட்டு வண்டி ஓவர்டேக் பண்ணிகினு போவுது. நீங்க இன்னாத்துக்கு பயப்படுறீங்க?" என்று அவன் ஒருநாள் சொன்னபோது, நீ அவனை மேஜைக்கு அடியில் உதைத்ததை நான் பார்த்தேன். ஆக, நீ ஓட்டவும் செய்கிறாய்! அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நீயும் கவனிக்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் முதல் தடவையாக அப்பா வண்டியைக் கேட்டாய். கடைசி வருட ப்ராஜெக்ட் சிறுசேரியில், காலையில் பஸ்ஸில் படிக்கட்டுக்குக்கூட இடம் இருப்பதில்லை, ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கியபடி போகிறேன் என்றாய். "படியில தொங்குறது மட்டும் ரொம்ப சேஃப்டியாம்மா?" என்றும் கேட்டாய். நான் முருங்கைக் கீரையை இழுத்து வைத்து ஆய்ந்தேன். உன் வாதத்தில் தப்பில்லை. அம்மாக்களுக்குத் தப்பில்லாத வாதம் பிடிக்காது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கம் உனக்குத் தெரியாது. சாயந்திரம் மிஸ்டு காலுக்குப் பதிலாக நீயே பேசினாய். பேச்சு என்றா சொல்வது? "அம்மா, கூட்ரோட்டுக்கு வந்துட்டேன்…" அவ்வளவுதான். பின்னால் லாரி ஹாரன், யாரோ கத்துகிற சத்தம், கட். சரி, பேலன்ஸ் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஹெல்மெட் எடுக்கவில்லை. நாலு நிமிட தூரத்துக்கு யார் ஹெல்மெட் போடுகிறார்கள் என்கிற திமிர்தான்.

கூட்ரோட்டில் நீ இல்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் இல்லை, பஸ் நிழற்குடையில் இல்லை, பின்னால் சவுக்குத் தோப்பு ஓரத்திலும் இல்லை. திரும்பக் கூப்பிட்டால் முதலில் 'பிஸி', அப்புறம் 'ஸ்விட்ச்டு ஆஃப்'. டீக்கடை அமுதாக்கா பஜ்ஜிக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, புள்ளைக்கோசரம் நின்னுகினு கீறியா?"

"இங்க வந்துட்டேன்னு சொன்னான்க்கா. நீங்க பாத்தீங்களா?"

"நான் காலைலேந்து இங்கதான் வெந்துகினு கீறேன். உம் புள்ள வந்தா பஜ்ஜி வாங்காம போவானா? இன்னும் வர்ல. வயசுப் புள்ள, பீச்சாண்ட எவளயாவது பாத்து அசந்து நின்னுகினு இருப்பான். இன்னாத்துக்கு பேஜாராவற? ஒக்காரு."

உட்கார முடியவில்லை. வந்துட்டேன் என்று சொன்னவன் எப்படி இல்லாமல் போவான்? மகாபலிபுரம் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டாவது பஸ்ஸின் நடத்துனரிடம், ஒல்லியாக, நீலச் சட்டை போட்ட காலேஜ் பையன் யாராவது முன்னாலேயே இறங்கினானா என்று கேட்டேன். "ஏம்மா, ஒல்லியா நீலச் சட்டை போட்ட காலேஜ் பையன் பஸ்ஸுல பாதிப் பேரு. எல்லார் மூஞ்சியையும் நான் இன்னா போட்டோ புட்சா வெச்சிகினு கீறேன்?" என்று விசில் கொடுத்துவிட்டார். உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். வார்டன் வீட்டுக்கும் செய்தேன். உன் அப்பாவின் ஆபீஸுக்குச் செய்தேன். எதிர் வீட்டு அங்கிளுக்கும் செய்தேன்; அவர் ஆண்டியிடம் சொல்லி, ஆண்டி டியூஷன் டீச்சரிடம் சொல்லி… திங்கட்கிழமை உன் வகுப்பில் "அம்மா தேடுற பையன்" என்று உனக்குப் பெயர் வந்ததே, அது இந்த அரை மணி நேரத்தில் நான் செய்த வேலை. மன்னித்துவிடு. ஆனால் மறுபடி அப்படி நடந்தால் மறுபடி செய்வேன்.

அப்போது மகாபலிபுரத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கி அமுதாக்காவிடம் டீ சொல்லிவிட்டு, வழியெல்லாம் வண்டி நிற்கிறது, அதனால்தான் இத்தனை லேட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கூட்ரோட்டாண்ட பைக்கு ஒண்ணு கல்லு லாரில மாட்டிகிச்சு. ரெண்டு பசங்க. காலேஜ் பசங்களாட்டம்தான் கீது."

எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. "இங்கதானே கூட்ரோடு? இங்க ஒண்ணும் நடக்கலையே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஐய, இது இல்லம்மா. பூஞ்சேரி கூட்ரோடு. எங்களுக்குக் கூட்ரோடுன்னா அதான்."

பூஞ்சேரி. உன் காலேஜ் இருக்கிற ஓ.எம்.ஆர். சாலை வந்து ஈ.சி.ஆரில் முட்டுகிற இடம். நீ காலேஜிலிருந்து வருகிற வழி. உன் நண்பர்கள் பிரிகிற இடம், சேருகிற இடம். நீ நின்றது அங்கே என்று அந்த நொடியில் புரிந்தது. நீ பொய் சொல்லவில்லை. கூட்ரோட்டுக்கு வந்துவிட்டதாகத்தான் சொன்னாய். உன் கூட்ரோட்டுக்கு. ஐந்து வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான், இடம்தான் வேறாகிவிட்டிருந்தது. எப்போது மாறியது, இரண்டாம் வருடமா, முதல் வருடமேவா, எனக்குத் தெரியாது. இதையெல்லாம் இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. லாரி ஹாரன், யாரோ கத்தினது, கட். அதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அமுதாக்கா என் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, "நீ வண்டி ஓட்டாதம்மா, ஆட்டோல போ" என்றாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். இன்னும் அவளிடம் போய்ச் சாரி சொல்லவில்லை.

என் ஸ்கூட்டி இத்தனை வருடத்தில் போன தூரம் மார்க்கெட், உன் பழைய ஸ்கூல், கூட்ரோடு. இவ்வளவுதான். அதைத் தாண்டி வலது பக்கம், வடக்கே, ஈ.சி.ஆரில் ஒரு அடி போனதில்லை. நீ போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிய சாலையை நான் பஸ் ஜன்னலிலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை சாயந்திரம். சென்னைக் கார்கள் எதிரே விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கின்றன. கடற்காற்று பக்கத்திலிருந்து அடித்து வண்டியைத் தள்ளுகிறது; அப்படித் தள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாலை ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. சக்கரம் அதில் பட்டதும் ஒரு வழுக்கு வழுக்கியது பார்! ஒரு பஸ் ஒட்டி உரசிக்கொண்டு போனது, உள்ளேயிருந்து எவனோ "வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினான். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். ஆனால் ஓட்டினேன். திரும்பலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

பூஞ்சேரியில் கூட்டம். சிற்பக் கூடங்களுக்குக் கல் ஏற்றிவந்த லாரி குறுக்கே நிற்கிறது, ஒரு பைக் அதன் முன் சக்கரத்துக்குக் கிட்டே சாய்ந்து கிடக்கிறது, பையன்களை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். சாலை நடுவில் ஒற்றைச் செருப்பு. கருப்பு, பட்டை வைத்தது. அதைப் பார்த்து நின்றுவிட்டேன். அது உன்னுடையதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணா. உனக்கு எந்த நாளில் எந்தத் தடுப்பூசி போட்டேன் என்று சொல்வேன். நீ இப்போது என்ன செருப்பு போடுகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா!"

நீ சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாய். நீலச் சட்டை முழுக்க ரத்தம். என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கு நினைவில்லை. நீ ஓடிவந்து முதலில் சொன்னது, "இது என் ரத்தம் இல்லம்மா." இரண்டாவதாகச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஹெல்மெட் எங்க? ஈ.சி.ஆர்ல ஸ்கூட்டிலயா வந்த? யாரு உன்ன வரச் சொன்னது? ஒரு வார்த்த போன் பண்ணிக் கேக்க மாட்டியா? ஏதாவது ஆயிருந்தா?" ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. கோபத்தில் கத்துகிறோம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்குத் தெரியும், அது பயம்.

ஜோசப்தான் நடுவில் வந்தான். "டேய், வுடுறா. ஆண்டியே பயந்து வந்து கீது, நீ வேற. ஆண்டி, தண்ணி குடிங்க. இவனுக்கு ஒண்ணுமே இல்ல. நாங்க வண்டிய ஓரமா நிறுத்திட்டு நின்னுகினு இருந்தோம், எங்க கண்ணு முன்னால அடிச்சுது. இவன்தான் அந்தப் பையன் தலையப் புட்சிகினு ஆட்டோல ஏத்துனான்."

"போன் ஏன்டா ஆஃப்ல இருக்கு?" என்று கேட்டேன். ஜோசப்தான் சொன்னான். "அந்தப் பையன் வூட்டு நம்பருக்கு இவன் போன்லதான் ஆண்டி பேசுனோம். அவங்க அம்மா எடுத்துச்சு. வெக்க வுடவே இல்ல, அழுதுகினே கீது. இவனும் வெக்காம பேசிகினே இருந்தான். 'கால்லதாம்மா அடி, பேசறான், உங்கள அம்மான்னு கூப்புடறான், பதட்டப்படாம வாங்க, நீங்க வண்டி எடுக்காதீங்க, யாரயாவது கூட்டிகினு வாங்க'ன்னு. சார்ஜ் தீந்து தானா கட்டாச்சு."

உன் போன் இன்னொரு அம்மாவோடு பேசித் தீர்ந்திருக்கிறது. அதே நேரத்தில் நான் இங்கே ஊரையே கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பையனுக்குக் காலில் தகடு வைத்திருக்கிறார்கள், நடந்துவிடுவான் என்று ஜோசப் போன வாரம் சொன்னான். உனக்கும் சொல்லியிருப்பான். அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் "நீங்க வண்டி எடுக்காதீங்க" என்று அவளிடம் நீ சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. எனக்கு அதை நீ சொல்லவில்லையே, அமுதாக்கா அல்லவா சொன்னாள்!

திரும்பி வரும்போது நீ ஸ்கூட்டியை ஓட்டினாய். ஜோசப் ஹெல்மெட்டை எனக்கு மாட்டிவிட்டாய். அதில் அவன் தலையெண்ணெய் வாசனை. நான் பின்னால் உட்கார்ந்து உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். முதல் இரண்டு மைல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அப்புறம் திறந்தேன். நீ மணல் கிடக்கிற இடத்துக்கு முன்னாலேயே வேகம் குறைக்கிறாய். கண்ணாடியைப் பார்க்காமல் ஒதுங்குவதில்லை. காற்று அடிக்கிற பக்கம் தோளைக் கொஞ்சம் சாய்க்கிறாய். நிறைய ஓட்டியிருக்கிறாய் என்று புரிந்தது. அது எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது என்பதும் புரிந்தது. நம் கூட்ரோட்டில் அமுதாக்கா எழுந்து நின்று கரண்டியை ஆட்டினாள். வீட்டுக் கேட்டில் இறங்கியதும், அந்த ரத்தச் சட்டையோடு நின்றுகொண்டு நீ சொன்னாய்: "அம்மா, இப்பவும் கேக்கறேன். அப்பா வண்டி வேணும்." நான் கத்தின கத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. இதைப் பார்த்த பிறகும் எப்படிடா கேட்க மனசு வருகிறது என்று கத்தினேன். நீ திரும்பக் கத்தவில்லை. "பாத்ததுனாலதாம்மா கேக்கறேன். ஒளிஞ்சு ஓட்ட வேணாம்னு" என்றாய். உள்ளே போய்ச் சட்டையைத் தண்ணீரில் நனைத்தாய்.

அதிலிருந்து மூன்று வாரம். நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதே. ஒரு நாள் வேண்டாம் என்று முடிவு செய்வேன், மறுநாள் பேப்பரில் படிக்கட்டில் தொங்கி விழுந்த பையனைப் பற்றிப் படிப்பேன். உன் அப்பாவைக் கேட்டால், "நீ பாத்தவ, நீயே சொல்லு" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். நான்தான் பின்னால் உட்கார்ந்து வந்தவள்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை நீ ப்ராஜெக்ட் என்று வரவில்லை. மிஸ்டு கால் இல்லாத சனிக்கிழமை எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துவிட்டது. ஃபிரிட்ஜை ஐந்தாறு தடவை திறந்து மூடிய பிறகு ஸ்கூட்டியை எடுத்தேன். கூட்ரோட்டில் நின்றேன். வலது பக்கம் பார்த்தேன், வேண்டாம் என்று நேரே செங்கல்பட்டுச் சாலையில் விட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் "பாதி வந்துட்டோம்" என்று வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்தில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். குளத்தருகில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மீதிப் பாதி அடுத்த தடவை. உன் அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மலரில் வந்தால் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, பதிலுக்கு வருகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு போ. நேற்று உன் அப்பாவை மெக்கானிக்கிடம் துரத்தினேன்; பிரேக் கட்டை மாற்றி, பின் டயர் புதிது போட்டு, செயின் இறுக்கி வைத்திருக்கிறது. ஹெல்மெட்டில் வார் போடாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவதற்குப் போடாமலே போகலாம். கல் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே, அதை முந்தவும் செய்யாதே, அது போகட்டும். காற்று நாளில் மணல் பார்த்துப் போ. உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சென்னை திரும்புகிற கார்கள் கண்மண் தெரியாமல் போகும், அந்த நேரத்தில் கிளம்பாதே, திங்கட்கிழமை விடியக் காலையில் போ. இட்லி கட்டித் தருகிறேன். ஜோசப்பைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவன் ஜோக்குக்குத் திரும்பித் திரும்பிச் சிரிக்காதே. கடலில் இறங்கினால்… இல்லை, அது வண்டிக் கதை இல்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.

ஓட்டும்போது எனக்குப் போன் செய்யாதே. நான் செய்தாலும் எடுக்காதே. ஓரமாக நிறுத்தின பிறகு பேசு. ஒரு மிஸ்டு கால், இரண்டு மிஸ்டு கால் எல்லாம் இனி வேண்டாம், ஒரு ரூபாய் போனால் போகட்டும், வாயைத் திறந்து பேசு. பேசும்போது கூட்ரோட்டுக்கு வந்துட்டேன் என்று மட்டும் சொல்லி வைக்காதே. எந்தக் கூட்ரோடு என்று சொல். நான் வெளியே போனால் நானும் சொல்கிறேன்.

அம்மா